மோதிரத்துக்குப் பதிலா வந்த மிஷின்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கங்கண்ணே. சாக்குலேருந்து ஆயில் சொட்டும், வேட்டியில பட்டா போகாது. பயப்படாதீங்க, பெட்ரோலை வடிச்சிட்டேன். கண்டக்டர்கிட்டயும் அதைச் சொல்லித்தான் ஏறுனேன். வாடை மட்டும் வரும். வத்தலக்குண்டு போற வரைக்கும் பொறுத்துக்கங்க. எனக்கெல்லாம் அந்த வாடை இல்லாட்டி தூக்கமே வராது.

நேராவே கேளுங்கண்ணே. ஏறுனதுலேருந்து என் மூஞ்சியத் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க. ஆமா, அடிதான். முன்பல்லு ஒண்ணு போச்சு, புருவத்துல தையல். அடிச்சவன் பேரு முத்திருள். எங்க மச்சானோட தம்பி. அவனைப் பாத்தீங்கன்னா என்னைப் பாக்க மாட்டீங்க. அவன் காதுல ஒரு துண்டு என் வாயில வந்திருச்சு. துப்பிட்டேன், வேற என்ன பண்றது?

எல்லாம் இந்தச் சாக்குல இருக்கே, இதுக்காகத்தான். செயின்சாண்ணே. மரம் அறுக்குற மிஷின். சும்மா ஏதோ ஒரு மிஷின் இல்ல, கிராண்டல். கேள்விப்பட்டதில்லையா? என்னண்ணே நீங்க! இந்தா, கையப் பாருங்க. பச்சை குத்தியிருக்கேன், கிராண்டல்னு. எங்கம்மா பேரு குத்துறியாடான்னு கேட்டாங்க. அம்மா பேரு ரேஷன் கார்டுல இருக்கே, அது போதும்னேன்.

இதைத்தான் எங்கக்கா கிணத்துல போடச் சொல்லுது. போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வா, போடாம வந்தா நீ எனக்குத் தம்பியே இல்லன்னு சொல்லிருச்சு. நான் கிணத்துல போடல. சாக்குல போட்டுக்கிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கே போயிக்கிட்டு இருக்கேன். மச்சான் அங்கதான் படுத்திருக்காரு. அக்கா வாசல்லயே மறிக்கும். மறிக்கட்டும். மச்சான் கண்ணுல மட்டும் இது பட்டுருச்சுன்னா போதும். மிச்சத்தை அவர் பாத்துக்குவாரு.

அவசரப்படாதீங்க, முதல்லேருந்து சொல்றேன். மலை வளைவெல்லாம் இறங்கணும்ல, நேரம் இருக்கு.

நான் பதினொண்ணாவது பாதியில நின்னுட்டேன். கெமிஸ்ட்ரி சார் பெஞ்சு மேல ஏறி நில்லுன்னாரு. இது என்ன மரத்துல செஞ்ச பெஞ்சுன்னு சொல்லுங்க சார், ஏறுறேன்னேன். அவருக்குத் தெரியல. தெரியாதவர்கிட்ட எதுக்குப் படிக்கணும்? பையத் தூக்கிட்டு வந்துட்டேன். மலையில தோட்டத்துக்குத் தோட்டம் சில்வர் ஓக் மரம் நிக்குது. காப்பிக்கு நிழலு, மிளகுக்கொடி ஏற பிடிப்பு. முத்துனா வெட்டணும். மிஷின் இருக்கிறவன் ராசா. எங்கிட்ட மிஷின் இல்ல, கோடாலிதான் இருந்துச்சு.

அப்பத்தான் எங்கக்கா நாகஜோதிக்கு மாப்பிள்ளை வந்தாரு. ஒச்சப்பன்னு பேரு. இடுக்கியில மரம் அறுக்குற வேலை. பொண்ணு பாக்க வந்தவரு கையில கிராண்டல் கம்பெனித் தொப்பி. பஜ்ஜி எடுத்துட்டுப் போனவன் அப்படியே நின்னுட்டேன். அக்காவுக்குப் பிடிச்சுதோ என்னமோ, எனக்குப் பிடிச்சுப் போச்சு.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துல பொண்ணோட தம்பி மாப்பிள்ளை காலைக் கழுவி விடணும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடணும். நான் செம்பைக் கீழ வச்சுட்டேன். மோதிரம் வேண்டாம், மிஷின் தர்றேன்னு சொல்லுங்க, அப்பத்தான் கழுவுவேன்னேன். சபையே சிரிக்குது. எங்கப்பா பல்லைக் கடிக்கிறாரு. மச்சான் குனிஞ்சு, "தர்றேன் மாப்ள, தண்ணிய ஊத்து, கால் கூசுது"ன்னாரு.

சொன்னாரு, செஞ்சாரு. மறுவீட்டுக்கு வரும்போது தான் வேலை பாத்த சொந்த மிஷினையே கொண்டாந்து கையில குடுத்துட்டாரு. மோதிரத்துக்குப் பதிலா வந்த மிஷின்ணே இது! போட்ட மோதிரத்தை எவனாவது கழட்டிக் கிணத்துல எறிவானா? நீங்களே சொல்லுங்க.

மச்சான் நல்லா அறுப்பாரு. ஆனா ஒரு பழக்கம் உண்டு, எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். மிஷின்ல முன்கைப்பிடிக்கு முன்னாடி ஒரு கறுப்புத் தகடு இருக்கும். அதை முன்னாடி தள்ளுனா டக்குன்னு செயின் நின்னுரும். பின்னாடி இழுத்தாத்தான் மறுபடி ஓடும். மச்சான் ஒரு கிளை அறுப்பாரு, இடது புறங்கையால தகட்டைத் தள்ளுவாரு, டக். ஒரு எட்டு நகருவாரு. இழுப்பாரு, டக். அறுப்பாரு. மறுபடி டக். வீட்டுக்குள்ள நடக்குறதுக்கு ஒவ்வொரு கதவாத் திறந்து திறந்து சாத்துற மாதிரி. "இப்படி அறுத்தா மரம் மறுபடி முளைச்சிரும் மச்சான்"னு சொல்லுவேன். "முளைக்கட்டும் மாப்ள, மரம்தானே"ம்பாரு. ஒரு வேகம் கிடையாது மனுசன்கிட்ட.

அவரு இடுக்கிக்குத் திரும்பிப் போனதும் மிஷினை நான் என் கைக்கு மாத்துனேன். அதுலதான் ருசியே இருக்கு. சைலன்சர்ல ஓட்டை போட்டேன். கயித்த இழுத்தா பக்கத்து மலையில நாய் குலைக்கும். பிளேடை நீளமா மாத்துனேன். செயின்ல ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி குட்டியா ஒரு மேடு இருக்கும். பல்லு கொஞ்சம் கொஞ்சமாத்தான் கடிக்கணும்னு கம்பெனிக்காரன் போட்ட அளவு. அரத்தை எடுத்து அத்தனை மேட்டையும் ராவித் தள்ளிட்டேன். அப்புறம் அது கடிக்கல, விழுங்குச்சு. மரத்துல வச்சா நம்மளையே உள்ள இழுக்கும். தகடு? அது எதுக்கு? குறுகலான இடத்துல கிளையில இடிக்கும், வேலை கெடும். கழட்டி வீட்டு மூலையில எறிஞ்சேன். பாதி எடை குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

எங்களுக்கு ஒரு எதிரி உண்டு, தாவீதுன்னு. அடுத்த ஊர்க்காரன். அவன் வச்சிருக்கிறது நீலக்கலர் சீனா மிஷின். அதை வச்சுக்கிட்டு அவன் பேசுற பேச்சு இருக்கே! டீக்கடையில எல்லாரும் இருக்கும்போது, "என்னடா குபேந்திரா, உங்க மச்சான் பிச்சை போட்ட ஆரஞ்சு டப்பா ஓடுதா?"ன்னான். என்னைச் சொல்லியிருந்தா விட்டிருப்பேன். மிஷினை டப்பான்னான். கையில டீ கிளாஸ் இருந்துச்சு, சூடா. அப்படியே அவன் நெத்தியில உடைச்சேன். டீ, கண்ணாடி, ரத்தம் எல்லாம் ஒண்ணா வழியுது. அவன் கீழ விழுவான்னு பாத்தா விழல. என் வலது கையப் பிடிச்சு பெஞ்சு விளிம்புல வச்சு முறுக்குனான். நான் அவன் வயித்துல எத்துறேன், அவன் முறுக்குறான், எத்துறேன், முறுக்குறான். டீக்கடைக்காரர் கொதிக்கிற தண்ணிய எடுத்து ஊத்திருவேன்னு நின்னப்புறம்தான் விட்டோம். மணிக்கட்டு வீங்கி பன்னு மாதிரி ஆயிருச்சு.

அன்னைக்கு ராத்திரியே காத்து. பேய்க்காத்துண்ணே. பெரிய எஸ்டேட்ல ஒரு சரிவு முழுக்க சில்வர் ஓக் சாஞ்சு கிடக்கு, ஒண்ணு மேல ஒண்ணு, தீப்பெட்டிய உடைச்சுக் கொட்டுன மாதிரி. எஸ்டேட் சூப்பர்வைசர் எங்களையும் கூப்பிட்டாரு, தாவீதையும் கூப்பிட்டாரு. நீ மேல இருந்து வா, அவன் கீழ இருந்து வரட்டும், நடுவுல பம்பு ரூமுக்கு எவன் முதல்ல வர்றானோ அவனுக்கு இந்த வருசம் எஸ்டேட் வேலை முழுக்கன்னாரு. மனுசனுக்குச் சண்டை மூட்டி விடத் தெரிஞ்சிருக்கு.

எனக்குக் கையில கட்டு. மச்சான் லீவுல வந்திருந்தாரு. அக்கா மாசமா இருந்துச்சு, அதப் பாக்க வந்தவரு. கூட வந்தாரு. சாக்கப் பிரிச்சு மிஷினை எடுத்தவரு அப்படியே நின்னாரு.

"தகடு எங்க மாப்ள?"

"வீட்ல கிடக்கு."

"போயி எடுத்துட்டு வா."

"அதுக்குள்ள தாவீது பம்பு ரூமுக்கு வந்து டீ குடிச்சிட்டு இருப்பான். அதெல்லாம் வேண்டாம் மச்சான்."

"தகடு இல்லாம நான் தொட மாட்டேன்டா. செயினை வேற என்ன பண்ணி வச்சிருக்க?"

கீழ நீல மிஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. "கேரளாவுல உங்களுக்குச் சோத்துல என்ன போட்டாங்க? பயமா இருந்தா ஓரமா உக்காருங்க, நான் ஒத்தக் கையில அறுக்குறேன்"னேன். சும்மா சொல்லல. கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணி இடது கையில தூக்கிட்டேன். மச்சான் என் கட்டுப் போட்ட கையப் பாத்தாரு. மிஷினைப் பாத்தாரு. "குடுறா"ன்னு பிடுங்கிக்கிட்டாரு. பாருங்க, அவரேதான் வாங்குனாரு. நான் குடுக்கல. இதை அக்காகிட்ட எத்தனை வாட்டி சொன்னாலும் ஏற மாட்டேங்குது. ஆசை இருக்கப்போய்த்தானே பிடுங்குனாரு!

அறுக்க ஆரம்பிச்சா, அடேயப்பா. என் மிஷினு, அவர் கை. மரத்தூள் மழையா கொட்டுது. ஒவ்வொரு கிளை முடிஞ்சதும் அவர் புறங்கை முன்னாடி போகுது, அங்க ஒண்ணும் இல்ல, காத்தத் தள்ளிட்டுத் திரும்பி வருது. எனக்கு ஒரே சிரிப்பு. "அங்க ஆள் இல்ல மச்சான், வேலையப் பாருங்க"ன்னு கத்துனேன்.

தாவீது வர்றது தெரிஞ்சுச்சு. கூப்பிடு தூரம்தான். நெத்தியில பிளாஸ்திரி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அவன் மிஷின் ஒரு மறைவுக் கிளையில பிளேடு நுனி பட்டு எகிறுச்சு. எகிறுன உடனே தகடு அவன் கையில இடிச்சு, டக், செயின் நின்னு போச்சு. அவன் அப்படியே மலைச்சுப் போயி நிக்குறான். கை தட்டிச் சிரிச்சேன். "டேய் தாவீது, உன் மிஷினுக்கு விக்கல் எடுக்குது, தண்ணி குடு!" அவன் மிஷினைக் கீழ வச்சுட்டு உக்காந்துட்டான். "மச்சான், அவன் நின்னுட்டான், விடாதீங்க, அடிங்க"ன்னேன்.

மச்சானும் ஒரு கவட்டைக்குள்ள பிளேடை விட்டாரு. அந்தப் பக்கம் இன்னொரு கிளை இருந்திருக்கு. தெரியல. நுனி பட்டுச்சு.

ஒரு சத்தமும் கேக்கலண்ணே. மிஷின் சத்தம்தான் இருக்கே. பிளேடு மேல எந்திரிச்சு வந்தது மட்டும்தான் தெரிஞ்சுது. மச்சானோட இடது புறங்கை முன்னாடி போச்சு, தள்ளுச்சு. காத்துல. செயின் தாடையில ஏறி கழுத்தெலும்புல இறங்குச்சு. வெள்ளை மரத்தூள் சட்டுன்னு செவப்பாயிருச்சு. அவர் நின்ன வாக்குலயே உக்காந்தாரு. வாய் இருந்த இடம் ரெண்டா தொங்குது, பல்லு வெளிய தெரியுது. கையால மூஞ்சியப் பொத்துறாரு, விரலுக்கு நடுவுல பொங்குது.

இப்ப சொல்லப் போறேன் பாருங்க, இதைத்தான் ஊரே பிடிச்சுத் தொங்குது. மிஷின் மச்சான் கைய விட்டு மண்ணுல விழுந்து ஓடிக்கிட்டே இருக்கு. ஈர மண்ணு. மண்ணுல ஓடுனா செயின் நிமிசத்துல மழுங்கிரும்ணே, எல்லாருக்கும் தெரியும். நான் ஓடிப்போயி அதை அணைச்சேன். அணைச்சுத் தூக்கி ஒரு கட்டை மேல வச்சேன். செயினைத் தொடச்சேன், அவ்வளவுதான். அது எவ்வளவு நேரம் ஆகும்? திரும்புறதுக்குள்ள தாவீது மேல ஓடி வந்து, சட்டையக் கழட்டி மச்சான் கழுத்துல அமுக்கி, முதுகுல தூக்கிட்டு ஏறிட்டான். அவன் முந்திக்கிட்டான், அதுக்கு நான் என்ன பண்றது? இல்லாட்டி நான் தூக்கியிருக்க மாட்டேனா? ஓடுற மிஷினை அப்படியே விட்டா இன்னொருத்தன் காலை எடுத்திருக்கும். நான் செஞ்சது சரியா தப்பா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. சரி.

உயிரு தப்பிருச்சு. தாடையில தகடு வச்சு, கம்பி போட்டு வாயைக் கட்டியிருக்காங்க. பேச முடியாது, குழாயிலதான் கஞ்சி.

ஊருக்குள்ள ஆளுக்கொரு கதை கட்டுறாங்க. சில்வர் ஓக்குக்கு அடியில முனி இருந்துச்சாம், நான் எலுமிச்சம்பழம் நறுக்காம மிஷினை இறக்குனேனாம். இந்தக் காலத்துல! வெள்ளைக்காரன் கொண்டாந்து வச்ச மரத்துல நம்ம முனி எதுக்குண்ணே ஏறுது? என்னைக் கேட்டா தாவீது கண்ணுதான். நான் சிரிச்சதும் ஒரு பார்வை பாத்தான் பாருங்க, அதுதான்.

முந்தாநாள் முத்திருள் வந்தான், கோடாலியோட. "எங்கண்ணன் மூஞ்சியத் தின்னது எங்கடா?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள நுழைஞ்சான். நான் அப்பத்தான் மிஷினைப் பிரிச்சுக் கழுவி, பல்லுல சிக்கியிருந்ததெல்லாம் ஊசியால எடுத்து, ஆயில் போட்டு வச்சிருந்தேன். என்ன சிக்கியிருந்துச்சுன்னு கேக்காதீங்க. கோடாலிய ஓங்கிட்டான். நான் குறுக்க விழுந்தேன். கோடாலிக் காம்பு வாயில பட்டுப் பல்லு தெறிச்சுச்சு. கட்டிப் புரண்டோம். உரல்ல என் மண்டைய மோதுறான். எனக்குக் கிடைச்சது அவன் காது, கடிச்சேன். ஐயோன்னு அலறிக்கிட்டு விலகுனான். அந்த நேரத்துல நான் கயித்த இழுத்துட்டேன்.

ஒரே இழுப்புல ஸ்டார்ட்டுண்ணே! அவ்வளவு அடிபட்டும், ரத்தம் குடிச்சும், ஒரே இழுப்பு. சீனா மிஷினா இருந்தா நடக்குமா? வலிய விட எனக்கு அந்தப் பெருமைதான் பெருசா இருந்துச்சு. தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "வாடா இப்ப"ன்னேன். அவன் கோடாலிய வீசுனான். செயினை அதுல விட்டேன். காம்பு துண்டாயி கோடாலி பறந்து கூரையில குத்திக்கிட்டு நிக்குது. அவன் வெறுங்கையோட சுவத்துல ஒட்டிட்டான். நான் ஒரு எட்டு எடுத்து வச்சேன். இன்னொரு எட்டு வச்சேன். அவன் ஒண்ணுக்குப் போயிட்டான்ணே, நின்ன இடத்துலயே.

அந்த நேரம் பாத்து அக்கா வாசல்ல. ஆஸ்பத்திரியிலேருந்து மாத்துத்துணி எடுக்க வந்திருக்கு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நேரா நடந்து வந்துச்சு, ஓடுற மிஷினுக்கு முன்னாடி. நான் பதறி அணைச்சேன். அணைச்ச மறு நிமிசம் செவிட்டுல விழுந்துச்சு பாருங்க. முத்திருள் அடிச்சதெல்லாம் ஒரு அடியா!

"அவரு அங்க வாய் இல்லாமக் கிடக்காரு. நீ இங்க அவர் தம்பி வயித்துல விடப் பாக்குறியா? அவரு விழுந்தப்ப நீ முதல்ல எதைத் தூக்குன?"

"அக்கா, அது ஓடிக்கிட்டு..."

"எதைத் தூக்குன?"

அப்பத்தான் சொல்லுச்சு, கிணத்துல போடுன்னு. போடாட்டி பிள்ளை பொறந்தாலும் தாய்மாமன்னு வந்து நிக்காதன்னு. முத்திருள் காதப் பொத்திக்கிட்டு அக்கா பின்னாடியே போயிட்டான். என் புருவத்துல ரத்தம் வழியுது. எங்கக்கா ஒரு துணி எடுத்துக் குடுக்கல.

தாய்மாமன் நான்தானே? மொட்டை போட, காது குத்த என் மடியில தானே உக்கார வைக்கணும்? வேற ஆளு ஏது அதுக்கு? கோவத்துல சொல்றது, தெரியுது. ஆனா எங்கக்கா சொன்னா சொன்னதுதான். அதுதான் பயமா இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க, அதை வச்சுத்தான் நான் கிளம்பியிருக்கேன். ஆஸ்பத்திரியில மச்சானை ஒரு தடவை பாத்தேன். என்னைப் பாத்த உடனே கண்ணு விரிஞ்சுச்சு. இடது கையத் தூக்குனாரு. இப்படி, புறங்கையால, முன்னாடி தள்ளுறாரு. திரும்பத் திரும்ப. நான் எந்தப் பக்கம் நின்னாலும் என்னைப் பாத்துத் தள்ளுறாரு. அக்கா சொல்லுது, உன்னை வெளிய போங்கிறாருடா, போயிருன்னு. அக்காவுக்கு என்ன தெரியும்? அவரு போகச் சொல்றவரா? எனக்குத் தெரியும், அது மிஷின் பிடிக்கிற கை. கை இன்னும் வேலை கேக்குது. மிஷினைக் கொண்டாடா மாப்ளங்கிறாரு. வாயத் திறக்க முடியாதவரு வேற எப்படித்தான் கேப்பாரு?

அதான் எடுத்துட்டுப் போறேன். நல்லாத் தொடச்சு, புதுச் செயின் போட்டு. அதுலயும் மேட்டெல்லாம் ராவிட்டேன், நேத்து முழுக்க அதான் வேலை. ஆரஞ்சு பெயிண்ட் கூட அடிச்சிருக்கேன். மச்சான் பாக்கணும், பாத்து ஒரு தலையசைப்பு அசைச்சாருன்னா அக்கா வாயே திறக்காது.

வத்தலக்குண்டு வந்துருச்சு போல. மதுரை வண்டி எந்தப் பக்கம் நிக்கும்ணே? சரி, எந்திரிங்க, நான் முதல்ல இறங்கிக்கிறேன். சாக்கப் பிரிச்ச உடனே அவர் கண்ணு முதல்ல எதுல போயி நிக்கும்னு நினைக்கிறீங்க? நான் சொல்றேன், சைலன்சர்ல.

என்னண்ணே, சாக்கோட கைப்பிடியவே பாக்குறீங்க? அது அந்தக் கறுப்புத் தகடுதான். வீட்ல சும்மா கிடந்துச்சு, கயித்துல கோத்துப் பிடியாக் கட்டிட்டேன். இவ்வளவு கனத்தை வெறுங்கயித்துல தூக்குனா உள்ளங்கைய அறுத்துரும்ல? பிடிச்சுப் பாருங்களேன். தூக்குங்க. அறுக்கவே இல்ல பாத்தீங்களா?